சும்மா இருக்க விடாத சர்க்கார்

பணி ஓய்வுக்குப் பிறகு சுறுசுறுப்பாக வாழ்வது எப்படி என்று தெரிந்துகொள்ள ஜப்பானின் ஒகினாவா வரைக்கும் போகவேண்டியதில்லை. விடியற்காலையில் நெமிலிச்சேரி ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தால் போதும். (குரோம்பேட்டைப் பக்கம் இன்னொரு நெமிலிச்சேரி இருக்கிறது. அது அல்ல, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே இருப்பது.) சென்ட்ரல் பக்கம் போகிற வண்டிக்காக நிற்கும் நரைத்த தலைகளைப் பாருங்கள். தோளில் ஒரு பை. பைக்குள் சோற்று டப்பா, மடித்து வைத்த நீலச் சட்டை. சட்டையின் தோள்பட்டையில் ‘செக்யூரிட்டி’. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினோடும் லேத்தோடும் மல்லுக்கட்டி ரிட்டயர் ஆனவர்கள், இப்போது அதே அம்பத்தூருக்கு, அதே ரயிலில், கேட் காக்கப் போகிறார்கள். ஒருவராவது திண்ணையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறாரா? பேச விட்டால்தானே.

இந்தச் சுறுசுறுப்புக்குக் காரணம் யோகாவும் இல்லை, சிறுதானியமும் இல்லை. ஊழியர் ஓய்வூதியத் திட்டம், 1995.

வெளிவட்டச் சாலையை ஒட்டி எழும்பியிருக்கும் ஓர் அடுக்குமாடி வளாகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தலைப்பு, ‘ஓய்வுக்குப் பின் ஓர் உற்சாக வாழ்வு’. பேச வந்தவர் பெரிய நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலில் ஒரு நாற்காலி குறைந்தது. சங்கச் செயலாளருக்கு நாற்பது வயது இருக்கலாம். கேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏம்பா செக்யூரிட்டி, உன் சேரை எடுத்துட்டு வா.” எழுபதைத் தாண்டிய அந்த ‘ஏம்பா’ தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போய்க் கேட்டில் நின்றார். பேச்சாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொன்ன அறிவுரை: “ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரே இடத்துல உட்காராதீங்க.” கேட்டில் அது ஏற்கெனவே அமலில் இருந்தது.

அடுத்து, முதுமைக்குத் தேவை மரியாதையும் ஒரு நோக்கமும் என்றார். புதிய மொழி ஒன்று கற்றுக்கொள்ளுங்கள், மூளை துருப்பிடிக்காது என்றார். கேட்டில் நிற்பவர் அறுபத்தைந்துக்கு மேல் இந்தி கற்றுக்கொண்டிருக்கிறார். பார்சல் கொண்டுவரும் பையன்களிடம் ஃப்ளாட் நம்பர் கேட்டு ரிஜிஸ்டரில் எழுத வேண்டுமே. துணைவியோடு நேரம் செலவிடுங்கள் என்றார். இவருக்கு நைட் ஷிஃப்ட் வரும் வாரங்களில் இவர் வீடு திரும்பும்போது அந்த அம்மா நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கக் கிளம்பிக்கொண்டிருப்பார். வாசலில் செருப்பு மாட்டும் நேரம் இருக்கிறது. தாம்பத்தியத்துக்கு அது போதும். இது உங்கள் ‘இரண்டாவது இன்னிங்ஸ்’ என்று பேச்சாளர் முடித்தபோது ஹாலில் கைதட்டல். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: மூச்சு விடக்கூட நேரம் தராமல் மறுபடி மட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினால் அதற்குப் பெயர் ஃபாலோ ஆன்.

கேட்டில் நிற்பவரின் கணக்கைப் பார்ப்போம். வேலை பார்த்த முதல் கம்பெனி மூடியபோது பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டார். வீட்டில் அடுப்பெரிய வேண்டியிருந்தது. 1995 கடைசியில் எஸ்டேட்டில் வேறொரு பட்டறை. 2012 கடைசியில் 58 வயது, மாலை, சந்தனம், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியச் சூத்திரம் எளிமையானது: சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் என்றால் வாங்கிய சம்பளம் அல்ல, சட்டம் ஒப்புக்கொள்ளும் சம்பளம். அப்போது அதன் உச்சவரம்பு 6,500. பதினேழு வருஷத்துக்கு வருவது 1,579 ரூபாய். பஞ்சப்படி கிடையாது. 2012-ல் 1,579 என்றால் அரிசி எந்த விலைக்குப் போனாலும் 1,579.

இவர் பாக்கியவான். இந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய். குறைந்தது 3,000-ஆவது கொடுங்கள் என்று பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2013-லேயே சொன்னது. 2014 செப்டம்பரில் ஆயிரம் வந்தது. வந்தது வந்தபடியே இருக்கிறது. திட்டத்தில் இருக்கும் ஓய்வூதியர்கள் 78 லட்சத்துக்கும் மேல். 7,500 கேட்டு டெல்லியில் வெயிலிலும் குளிரிலும் கிழவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். நிதியத்தின் கணக்கில் பற்றாக்குறை என்று பதில் வருகிறது.

பற்றாக்குறை இல்லாத கணக்கும் ஒன்று உண்டு. 2025 மார்ச்சில் முன்னாள் எம்.பி.க்களின் ஓய்வூதியம் மாதம் 25,000-லிருந்து 31,000 ஆனது; அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை உயர்த்திக்கொள்ள 2018-லேயே சட்டத்தில் வழி செய்து வைத்துவிட்டார்கள். ஆக, விலைவாசி உயர்கிறது என்பது டெல்லிக்குத் தெரியாத சங்கதி அல்ல. அது நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் மட்டும் உயர்கிறது. நெமிலிச்சேரி மளிகைக் கடையில் உயர்வதில்லை. பட்டறைத் தொழிலாளிக்கு ஓய்வூதியத் தகுதி பெறப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். எம்.பி.க்கு எவ்வளவு காலம் இருந்தாலும் போதும். மக்கள் சேவை அவ்வளவு உடம்பைக் கெடுக்கும் வேலை. பவர் பிரஸ்ஸில் கைவிரலைப் பறிகொடுப்பதெல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

பி.எஃப்.பே இல்லாத கிழவர்கள், கொத்து வேலையிலும் மூட்டை தூக்கியும் முதுகு வளைந்தவர்கள், இந்த நீலச் சட்டைக்காரர்களை விடவும் சுறுசுறுப்பு. அவர்களுக்கு முதியோர் உதவித்தொகை; தமிழ்நாட்டில் 2023 முதல் 1,200 ரூபாய். அதற்கான தேசியத் திட்டத்தில் எண்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டெல்லி தரும் பங்கு 200 ரூபாய். 2007-லிருந்து அதே இருநூறு. அதற்கு ஒரு பிரதமர் பெயர் வேறு வைத்திருக்கிறார்கள்.

பயணம் போங்கள் என்றும் பேச்சாளர் சொன்னார். அறுபது தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். முதியவர்கள் ஊர் சுற்றி நோய் வாங்கக் கூடாதே என்ற அக்கறை. கரோனா போய்விட்டது, அக்கறை போகவில்லை. மாநகரப் பேருந்தில் மூத்த குடிமக்களுக்கு மாதம் 10 டோக்கன் என்று சென்னையில் 2016-ல் ஒரு திட்டம் வந்தது. போக ஐந்து, வர ஐந்து. திரும்பி வரும் உத்தேசம் இல்லாதவர்கள் பத்து முறை போகலாம்.

இத்தனை அள்ளிக் கொடுக்கும் அரசாங்கம் ஏமாந்துவிடக் கூடாதல்லவா. அதனால் வருஷத்துக்கு ஒரு முறை ‘உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று நிரூபிக்க வேண்டும். அதைச் செய்ய அந்த கேட் காவலர் போன இடத்தில் நானும் ஒரு வேலையாக நின்றிருந்தேன். கட்டைவிரலைக் கருவியில் வைத்தார். ஏற்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நல்லவள். “நல்லா துடைச்சுட்டு வைங்க தாத்தா” என்றாள். சட்டையில் துடைத்தார். வைத்தார். தலைமுடியில் தேய்த்தார், எண்ணெய்ப் பசைக்கு. வைத்தார். வலது கை முடிந்து இடது கை. ஆள்காட்டி விரலில் முதல் கணுவுக்கு மேல் இல்லை என்பதால் அதைத் தானாகவே மடக்கிக்கொண்டு நடுவிரலை நீட்டினார். வருஷக்கணக்கில் கூலன்ட் தண்ணியிலும் இரும்புச் சீவலிலும் கிடந்த கை. ரேகை என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. “ஆள் முன்னாடியே நிக்கிறேனேம்மா” என்றார். “நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுது தாத்தா, சிஸ்டத்துக்குத் தெரியணுமே” என்றாள். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வசதி செய்திருக்கிறார்கள். அதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும், நெட் வேண்டும், பொறுமையுள்ள ஒரு பேத்தி வேண்டும். பேத்தியை எந்தத் திட்டத்திலும் தருவதில்லை.

இவ்வளவு கவலையோடு ஏன் விசாரிக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவிக்குப் பாதி ஓய்வூதியம். 1,579-ல் பாதி எண்ணூறைக்கூடத் தொடாது. ஆனால் விதவைக்கும் குறைந்தபட்சம் ஆயிரம் என்று விதி இருப்பதால் ஆயிரமாக உயர்த்திக் கொடுத்துவிடுவார்கள். ஆக, அந்த மனிதர் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் சர்க்கார் கணக்கில் உள்ள வித்தியாசம் மாதம் 579 ரூபாய். இருக்கிற விரலையெல்லாம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வது இந்த 579-க்காகத்தான்.