லாச்சப்பல் பரோபகாரி

பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குச் சற்று வடக்கே, ஃபோபூர் சாந்தெனி வீதியும் ரூ காயும் சந்திக்கும் மூலையில், முருங்கைக்காயும் பட்டுப்புடைவையும் தங்கநகையும் அடுத்தடுத்து விலைபோகும் லாச்சப்பல் கடைத்தெருவில், எவர் முகத்திலாவது கவலைக்குறி தென்படாதா என்று காத்து நிற்கும் ஒரு புண்ணியாத்மாவை, ஞாயிறு பிற்பகலில் அங்கே போன எவரும் சந்திக்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். விசா, வாடகை, கலியாணப் பொருத்தம் முதலிய சகல விஷயங்களிலும் அவருக்குத் திடமான அபிப்பிராயங்கள் உண்டெனினும், அவருடைய மேதாவிலாசம் பூரணமாகப் பிரகாசிப்பது யார் வீட்டிலாவது கக்கூஸ் பழுதாகும்போதுதான்.

"அண்ணை, சிஸ்டன் தண்ணி நிக்காமல் ஓடுது. புளொம்பியே வந்து பாக்கிறதுக்கே காசு கேக்கிறான்."

"உமக்கென்ன விசரே தம்பி? வாசலுக்கு வந்தால் ஒரு காசு, ஸ்பனரைத் தொட்டால் ஒரு காசு, பில் எழுதினால் வரி. என்னட்டை ஒரு பொடியன் இருக்கிறான். அம்பது யூரோவோடை அலுவல் முடியும். நான் சொன்னனான் எண்டு சொல்லும்."

புளொம்பியே என்னும் குழாய்க்காரரைப் பற்றிய இந்தப் பயம் முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்லிவிட முடியாது. தீயணைப்புப் படையின் எண்ணையும் போலீஸின் எண்ணையும் மேலே அச்சிட்டு, நகரசபை அறிவித்தலைப் போல வேஷமிட்டுத் தபாற்பெட்டிக்குள் விழும் அவசரக் குழாய்க்காரர்களின் அட்டைகளை நம்பி ஏமாந்தவர்கள் அந்நகரில் அநேகர். செலவுக்கு அஞ்சுவதும் அங்கே நூதனமன்று. வீட்டுக் கழிவை நேரே பாதாளச் சாக்கடையில் சேர்க்க வேண்டுமென்று 1894-ல் சட்டம் வந்தபோது, பாரிஸ் வீட்டுச் சொந்தக்காரர்களே காசை நினைத்துக் கூக்குரலிட்டார்கள். அந்தப் பரம்பரைக்கு நம்மவர் வாரிசு.

பொடியன் பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, இரவில் குழாய்த் தொழிலை அப்பியசிக்கிறவன் என்ற விவரத்தை மட்டும் பரோபகாரி சொல்லுவதில்லை. வேலையை அவரே பிரசன்னமாகி மேற்பார்வை செய்கிறார். சிஸ்டன் மூடி நிலத்தில் இறங்குகிறது. உள்ளே, பாரிஸ் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து, அடியிலுள்ள ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் நீர் கசிந்துகொண்டிருக்கிறது. சில யூரோவுக்குக் கிடைக்கும் அந்த வளையத்தை மாற்றினால் போதுமாயிருக்க, "முழுக்கப் பூசு, முழுக்கப் பூசு" என்று பரோபகாரி உத்தரவிட, பொடியன் ஒரு ரியூப் சிலிக்கோனையும் தீர்த்துவிட்டு, பல வருஷங்களாக எவரும் தொடாத, தண்ணீரை நிறுத்தும் அடைப்புக் குழாயைப் பலங்கொண்ட மட்டும் திருக, அது முனகாமல் கையோடு வந்துவிடுகிறது. சிறிது நேரத்தில் கீழ்மாடி மதாம் மேலே வருகிறார். அவர் வீட்டுக் கூரையிலும் மழை.

"பாரிஸை இடிச்சுக் கட்டின ஹவுஸ்மான் காலத்துக் குழாய், தம்பி, ஆர் என்ன செய்யிறது?" என்று சரித்திரத்தின் மீது பழியைப் போட்டுவிட்டுப் பரோபகாரி மேலங்கியை எடுத்துக்கொள்கிறார். பில் இல்லாத வேலையாதலால், பொடியனைப் பொறுப்பாளியாக்குவதற்குக் காகிதம் ஏதுமில்லை. மதாமுக்கும் அசுரான்ஸ்காரருக்கும் பதில் சொல்லும் பாக்கியம் வீட்டுக்காரத் தம்பிக்கே உரியது.

பரோபகாரி அறியாத, அறிய விரும்பாத சங்கதிகள் சில உண்டு. மிதவை, ரப்பர் வளையம் முதலிய சில்லறை உறுப்புகளை மாற்றுவது குடியிருப்பவர் செலவென்று 1987 ஆகஸ்ட் 26-ஆம் தேதி அரசாணை சொல்லுகிறது. மூப்பினால் சிஸ்டனே கெட்டுப்போனால் செலவு வீட்டுச் சொந்தக்காரருடையது. இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட குடியிருப்பில் பழுதுபார்த்தால் வரி 20 வீதமல்ல, 10 வீதமே. கசிவை அப்படியே விட்டுவைப்பதும் சிக்கனமாகாது: மணிக்கு 25 லிட்டர் வீதம் ஒழுகினாலும் வருஷத்தில் 219 கனமீட்டர் தண்ணீர் போய்விடும்.

ஆகவே வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இதுவே: பரோபகாரியின் வார்த்தைகளைக் கேட்டு ரசியுங்கள், கசிவு கண்டவுடன் அடைப்புக் குழாயை நிதானமாகப் பூட்டுங்கள், ஆயுதப் பையைத் திறக்குமுன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அதைத் தர மறுப்பவன் வெள்ளைக்காரனாயினும் நம்மூர்ப் பொடியனாயினும், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.