மைனஸ் ஆறும் ஐந்தருவியும்

ஏல பேராண்டி, மூஞ்சியில கண்ணாடியக் காணோம்? செல்போன்லயே லென்சுக்கு ஆர்டர் போட்டாச்சுன்னு ஆச்சிகிட்ட பீத்திக்கிட்டு இருந்தியாமே. எந்தச் சீட்டப் பாத்துப் போட்ட? கண்ணாடிச் சீட்டயா? சபாஷ். இஞ்சினியருக்குப் படிச்ச பிள்ளை வேற எப்படி இருக்கும்!

இங்கன வந்து உக்காரு. தென்காசியில கண்ணாடிக் கடையில பிரேம் தொடச்சே தல நரைச்சவன் சொல்லுதேன். கண்ணாடி கண்ணுலேந்து ஒரு 12 மில்லிமீட்டர் தள்ளி மூக்குல குந்தியிருக்கு. லென்சு கருவிழி மேலயே படுத்துக்கிடும். எடம் மாறுனா நம்பரும் மாறும்லா? சின்ன பவருக்கு வித்தியாசம் தெரியாது. நாலுக்கு மேல போச்சுன்னா கணக்குப் போட்டே ஆகணும். உனக்குக் கண்ணாடியில மைனஸ் 6. லென்சுல அது 5.50 கிட்டதான் வரும். நீ ஆறுன்னே போட்டிருப்ப. தூரத்துல எல்லாம் பளிச்சுன்னுதான் தெரியும், சாயங்காலம் புஸ்தகத்தத் தொறந்தா நெத்திப்பொட்டு தெறிக்கும். ஒங்க ஆச்சி கண்ணு பட்டுட்டுன்னு மொளகா சுத்துவா. பிளஸ் பவர்க்காரனுக்குக் கத தலகீழு: கண்ணாடியில 6னா லென்சுல 6.50.

பவரோட முடிஞ்சிதுன்னு நெனச்சியா? லென்சுச் சீட்டுல பேஸ் கர்வ், விட்டம்னு 8.6, 14.2ன்னு மில்லிமீட்டர்ல எழுதியிருப்பாவ. கம்பெனிப் பேரும் இருக்கும். ஒரு கம்பெனி 8.6 உக்காருத மாதிரி இன்னொரு கம்பெனி 8.6 உக்காராது. கருவிழி வளைவ அளக்காம லென்சு வாங்குதது, பானை வாயப் பாக்காம மூடி வாங்குத கததான். இறுக்கிப் பிடிச்சா கண்ணு செவக்கும். லூசா இருந்தா சிமிட்டும்போதெல்லாம் நழுவும். கண்ணாடிச் சீட்டுல இதெல்லாம் எங்க இருக்கு? ரெண்டு கண்மணிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு வேணா இருக்கும். அது லென்சுக்குச் சல்லிக்காசுக்கு ஒதவாது, லென்சுதான் முழியோட சேந்தே சுத்துதே.

என்ன மொனகுத? பவரே இல்லாத கலர் லென்சு வாங்கிக்கிடுதேன்னா? சினிமா ஆசை விடலியாக்கும். அமெரிக்காக்காரன் 2005லேந்து அதையுங்கூட சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டு வச்சிருக்கான்.

மொதல்ல ஆர்டர ரத்து பண்ணு. கண்ணாஸ்பத்திரிக்குப் போயி, லென்சுக்குன்னு தனியாப் பாக்கச் சொல்லு. கருவிழிய அளந்து, சோதனைக்கு ஒரு லென்ச மாட்டி உக்கார வச்சு, எப்படி உக்காந்திருக்குன்னு விளக்கு போட்டுப் பாப்பாவ.

அதுக்குள்ள, சாரல் அடிக்குது, லென்சு போட்டுக்கிட்டு ஐந்தருவிக்குப் போகணும்ங்க. மூலிகையத் தடவிட்டு வார தண்ணிதான், இல்லங்கல. ஆனா அகாந்தமீபான்னு ஒத்தச் செல் உசுரு ஒண்ணு உண்டு. ஆத்துத் தண்ணி, கெணத்துத் தண்ணி, ஏன், குழாத் தண்ணியிலயுங்கூட இருக்கும். வெறுங்கண்ணுல பட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. லென்சு கெடந்தா அதுக்கு அடியில குடித்தனம் வச்சு, கருவிழியத் திங்க ஆரம்பிச்சிரும். மாசக்கணக்குல சொட்டு மருந்து ஊத்தணும். அப்படியும் பார்வை போனவுக இருக்காவ. லென்ச எச்சி தொட்டு மாட்டுத வேலையும் வேண்டாம், குழாயில களுவுத வேலையும் வேண்டாம். அதுக்குன்னு சொல்யூஷன் விக்கான்.

அப்பம் கண்ணாடியோட போகவான்னு கேப்ப. தாராளமாப் போ! சீசன்ல மெயினருவி முழுங்குன கண்ணாடியாலதான் எங்க மொதலாளி மாடி கட்டுனாரு.

ரெண்டையும் எங்கிட்ட குடுத்துட்டு இறங்கு. எதுத்தாப்புல நிக்கது ஆளா கொரங்கான்னு சந்தேகம் வந்தா ஒரு சத்தம் குடு, நான் பாத்துச் சொல்லுதேன். எனக்குப் பொரை எடுத்தப்பமே கண்ணுக்குள்ள லென்சு வச்சு அனுப்பிட்டாவ. கழத்தவும் வேண்டாம், களுவவும் வேண்டாம்.