ஹாலுக்குள் மன்னார் வளைகுடா

வீட்டில் நிம்மதி கொஞ்சம் அதிகமாகிவிட்டது, மாதக் கடைசியிலும் கையில் காசு மிஞ்சுகிறது, இரண்டையும் ஒரே வழியில் தொலைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள். நாய் வளர்க்கலாம்தான், பசித்தால் குரைத்துக் கேட்டுவிடும். மாடித் தோட்டம் போட்டால் நாலு கத்தரிக்காயாவது மிஞ்சும். குரைக்காமல், காய்க்காமல், காரணமும் சொல்லாமல் ஒரே ராத்திரியில் கூண்டோடு கைலாசம் போகக்கூடிய ஒன்றுதான் வேண்டுமென்றால், கடல்நீர்ப் பவளத் தொட்டியை விட்டால் வேறு கதியில்லை. நீங்கள் சென்னையில் குடியிருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அசல் கடல் பஸ் போகும் தூரத்தில் சும்மா கிடக்கிற ஊரில், ஹாலுக்குள் இன்னொன்று கட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

முதல் விதி: மீன் வாங்கப் போகாதீர்கள். கொளத்தூருக்குப் போனால் தெருவெல்லாம் வண்ணமீன் கடைதான். கப்பி, கோல்டு ஃபிஷ், ஃபைட்டர் எல்லாம் நல்ல தண்ணீர் மீன்கள். உங்கள் லட்சியத்துக்குக் குறைவு. கடல் மீன் விற்கிற கடையில் நீல வெளிச்சத்துக்குள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்று உங்களைப் பார்த்ததும் கண்ணாடி ஓரத்துக்கு வரும். அங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். அதைப் பையில் போட்டு வாங்கி வந்து புதுத் தொட்டியில் விட்டால் நாலு நாள் தாங்குவதே பெரிது. மீனுக்கு முன்னால் தண்ணீரை வளர்க்க வேண்டும். சொல்லப்போனால் நீங்கள் வளர்க்கப்போவது தண்ணீரை மட்டும்தான். மீன் அதில் குடியிருக்கிறது. வாடகையை நீங்கள் கட்டுகிறீர்கள்.

தொட்டி சின்னதாக இருந்தால் சுலபம் என்று தோன்றும். நேர்மாறு. முப்பது லிட்டர் தொட்டியில் பாறைக்குப் பின்னால் ஒரு நத்தை செத்துக் கிடந்தால் போதும், மொத்தத் தண்ணீரும் கெட்டுவிடும். நானூறு லிட்டரில் அது ஒரு பொருட்டே இல்லை. எனவே பெரிதாகவே செய்யுங்கள். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது கௌரவமான அளவு. சுமார் 450 லிட்டர் பிடிக்கும். கடல் நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்கும் சற்று மேல். கண்ணாடி, பாறை, மணல், இரும்பு ஸ்டாண்டு, கீழே சம்ப் என்கிற இன்னொரு தொட்டி (பார்க்க லட்சணமில்லாத சாமான்களையெல்லாம் ஒளித்து வைக்கும் இடம்) எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாராளமாகத் தாண்டும். வாடகை வீடென்றால் ஓனரிடம், "சின்னதா ஒரு மீன் தொட்டி சார்" என்று சொல்லுங்கள். மீன் சின்னதுதான், அதில் பொய் இல்லை.

இனி தண்ணீர். மெரினாவில் குடத்தில் மொண்டு வந்தால் என்ன என்று எல்லாருக்கும் ஒரு தடவை தோன்றும். அந்தக் கடற்கரைக்கு வடக்கே கூவமும் தெற்கே அடையாறும் கடலில் கலக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் யோசனை தானே போய்விடும். ஆகவே கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அதே கடல் வழியாகக் கப்பலில் வந்திறங்கும் வெளிநாட்டு உப்பை வாளிக் கணக்கில் வாங்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம். உங்கள் தொட்டிக்கு முதல் தவணையே 16 கிலோ. சமையல் உப்பு உதவாது. பவளத்துக்கு எலும்பு கட்டத் தேவையான கால்சியமும் மக்னீசியமும் அதில் கிடையாது.

உப்பைக் கரைக்கும் தண்ணீரில் எதுவுமே இருக்கக் கூடாது. போர் தண்ணீர் ஆகாது, மெட்ரோ வாட்டர் ஆகாது, கேன் தண்ணீரும் ஆகாது. ஆர்.ஓ. மெஷினுக்குப் பிறகு டி.ஐ. என்று இன்னொரு குடுவையை மாட்டி, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை வடிகட்ட வேண்டும். ஒரு லிட்டர் இப்படிக் கிடைக்க இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டும் மே மாதத்தில் இந்தக் கணக்கைப் பக்கத்து ஃபிளாட்காரர் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டாம்.

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்; உப்பு எங்கும் போகாது. நல்ல தண்ணீரைத்தான் நிரப்ப வேண்டும். தூத்துக்குடி உப்பளங்கள் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் நடக்கின்றன. ஆனாலும் புதிதாகத் தொட்டி வைக்கிறவர் உப்புத் தண்ணீரையே ஊற்றுவார், பிறகு மீன் ஏன் சுருண்டு கிடக்கிறது என்று கடைக்காரருக்கு வீடியோ அனுப்புவார்.

அடுத்தது ஸ்கிம்மர். தண்ணீருக்குள் பொடிப்பொடியாகக் குமிழி விடும் குழாய். குமிழியில் அழுக்கு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி ஒரு கிண்ணத்தில் வடியும். இரண்டு மூன்று நாளில் கிண்ணத்தில் காபி டிகாஷன் போல ஒன்று சேர்ந்திருக்கும். நிறம் மட்டும்தான் டிகாஷன். அதைச் சமையலறை சிங்க்கில் கொட்டினால் அன்றைக்கு ஹோட்டல் சாப்பாடு.

மோட்டாரும் கரண்டும் இல்லாத காலத்திலும் இந்தப் பைத்தியம் இருந்திருக்கிறது. 1846-இல் அன்னா தின் என்ற பாதிரியார் மனைவி இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோய், ஏறக்குறைய மூன்று வருஷம் காப்பாற்றினார். தண்ணீரில் காற்றுக் கலக்க வேண்டுமே? வீட்டு வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னலோரம் நின்று, தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் கடல் நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றிக்கொண்டே இருந்தாள். புகழ் அம்மாளுக்கு, தோள்வலி அந்தப் பெண்ணுக்கு. நம் ஊரிலும் 1909-இல் மெரினாவில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடியதோடு சரி. உங்கள் வீட்டில் இது போர் இல்லாமலே நடக்கலாம், அல்லது போருக்குப் பிறகு.

பாறை போட்டாயிற்று, மோட்டார் ஓடுகிறது. இப்போது செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. நாலு முதல் ஆறு வாரம். பாறையில் குடியேறும் பாக்டீரியாவில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை. இரண்டு கூட்டமும் பெருகி வேலையைப் பிடித்துக்கொள்ளும்வரை தொட்டியில் கல்லும் தண்ணீரும்தான். நடுவில் எல்லாவற்றின் மேலும் பழுப்பாக ஒரு பாசி படியும், அது போனால் பச்சையாக முடி மாதிரி இன்னொன்று முளைக்கும். ஊரிலிருந்து வந்த மாமா பார்த்துவிட்டு, "கல்லுக்கா இவ்ளோ கரண்ட்டு?" என்பார். அம்மோனியாவைப் பற்றி விளக்க ஆரம்பித்தால் காபியைக் குடிக்காமலே கிளம்பிவிடுவார். அடிக்கடி வருகிற மாமா என்றால் மட்டும் விளக்குங்கள்.

பவளத்துக்குப் பிடித்த சூடு 25, 26 டிகிரி. மே மாதத்தில் உங்கள் ஹால் 34. ஆகவே சில்லர் வாங்க வேண்டும். சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கிற சூட்டை ஹாலுக்குள்ளேயே ஊதும். ஹால் சூடாகி மறுபடி தொட்டியைச் சூடாக்கும். அதைச் சமாளிக்க ஹாலுக்கு ஏசி. இலவச மின்சாரம் என்று ஒன்று இருப்பதை மறந்துவிடலாம். கரண்ட் போனால் மீனுக்கு மூச்சுத் திணறச் சில மணி நேரம் போதும். எனவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும். இன்வெர்ட்டரில் ஒன்றுதான் ஓடும் என்றால், ஃபேனா மோட்டாரா என்று வீட்டில் வாக்கெடுப்பு வைக்காதீர்கள். தோற்றுவிடுவீர்கள்.

இதெல்லாம் மிகை என்று நினைத்தால், 2010-லும் 2016-லும் கோடையில் தண்ணீர் சூடேறி அசல் மன்னார் வளைகுடாவின் பவளங்களே வெளுத்துப்போயின. பவளத்தின் உடம்புக்குள் ஒரு நுண்பாசி குடியிருந்து, வெயிலில் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கும். சூடு கூடினால் இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் பாசி வெளியே போய்விடும். பிறகு பவளம் வெள்ளை வெளேரென்று பட்டினி கிடக்கும்.

பவளத் தொட்டியில் பவளத்தை எப்போது வைப்பது என்று கேட்பீர்கள். ஒரு சின்னச் சிக்கல். கல்பவளம் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே அட்டவணை. கறுப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் கூடவே. மாட்டினால் மூன்று முதல் ஏழு வருஷம். காரணம் இல்லாமல் இல்லை. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரம் 21 தீவுகள். சுற்றியுள்ள பவளக் கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருஷக்கணக்கில் வெட்டி ஏற்றினார்கள். அலையைத் தடுக்க ஆளில்லாமல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. எனவே யாராவது காதோரம் வந்து, "ராமேஸ்வரம் சரக்கு சார், நேத்துதான் எறங்குச்சு" என்று சொன்னால், கடையை விட்டு இறங்கிவிடுங்கள். இந்த ஒரு வரியில் மட்டும் கிண்டல் கிடையாது.

பட்டியலில் இல்லாத காளான் பவளம், ஜோவாந்திட் போன்றவற்றைப் பில்லோடு வாங்கலாம். பொத்தான் பொத்தானாக, மின்சாரப் பச்சையிலும் செம்மஞ்சளிலும் விரியும். ஆனால் சில வகை ஜோவாந்திட்டில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கும் தண்ணீரில் போட்டு, ஆவியை முகர்ந்து குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். கையுறை போடுங்கள், கொதிக்க வைக்காதீர்கள். இவ்வளவு தொல்லை எதற்கு என்றால், சிலிக்கான் பவளம் கிடைக்கிறது. வெளுக்காது, சாகாது, வனத்துறை கேட்காது. பத்தடி தள்ளி நின்றால் வித்தியாசமும் தெரியாது. ஆனால் நீங்கள் நிம்மதியைத் தொலைக்க அல்லவா வந்தீர்கள்?

ஒருவழியாக மீன். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே உருவாக்கியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள், தொட்டி வாழ்க்கை அதற்குப் பழக்கம். எல்லாக் குஞ்சும் ஆணாகத்தான் பிறக்கும். ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும். பெண் செத்தால் மிச்சமிருக்கும் கணவர் பெண்ணாக மாறுவார். குழந்தைகள் கேட்டால் அம்மாவிடம் அனுப்பிவிடுங்கள். கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். தொட்டியில் அது அவசியமே இல்லை. சாமந்தி பெயருக்குத்தான் பூ. ராத்திரி கால் முளைத்ததுபோல நகர்ந்துபோய் மோட்டாரில் மாட்டிக்கொள்ளும், காலையில் தொட்டி முழுக்க சட்னி.

மாண்டரின் மீனைப் பார்த்தால் மயங்காதவர் கிடையாது. கண்ணுக்கே தெரியாத உயிருள்ள பூச்சிகளைத்தான் பெரும்பாலும் தின்னும். நீங்கள் போடுகிற பாக்கெட் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அத்தனை அழகோடு பட்டினி கிடந்து சாகும். நீல டேங் மீன் சின்னதாக விற்கிறார்களே என்று வாங்காதீர்கள், அது ஒரு அடி வளரும்.

பாறையோடு இலவசமாகச் சில விருந்தாளிகள் வருவார்கள். கண்ணாடிச் சாமந்தி என்று ஒன்று. கத்தியால் வெட்டினால் துண்டுக்கு ஒன்றாக முளைக்கும். ராத்திரியில் 'டிக்... டிக்...' என்று சத்தம் கேட்டு, வாரத்துக்கு ஒரு மீன் குறைந்தால் மான்டிஸ் இறால் குடி வந்திருக்கிறது. டார்ச்சோடு ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் குந்தியிருக்கும் உங்களைப் பார்த்து மாமியார் பயப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைகள் இனி உங்களுடையவை அல்ல. 45 லிட்டர் தண்ணீர் மாற்ற வேண்டும். கால்சியம் பார்க்க வேண்டும்: ஐந்து மில்லி தண்ணீரில் மருந்தைக் கலந்து, ஊசியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, ரோஸ் நிறம் நீலமாக மாறுகிற அந்த ஒரு சொட்டைப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கேஸ் சிலிண்டர் வரும். ஒயர், பிளக், டி.வி.க்குப் பின்னால் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். துடைத்தால் திங்கட்கிழமைக்குள் திரும்பவும் பூக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகக் கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் வாட்ச்மேன் அண்ணனிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிடாதீர்கள். வாயில்லா ஜீவன் என்று இரக்கப்பட்டு ஒரு வாரத் தீனியை ஒரே வேளையில் போட்டுவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை என்று காகிதத்தில் மடித்து, கிழமை எழுதிக் கொடுங்கள். இரக்கம் அப்போதும் வெளிவரும், ஆனால் மெதுவாக.

ஒருநாள் இதை விற்பீர்கள். விளம்பரத்தில் "பணியிட மாற்றம் காரணமாக" என்று போடுங்கள். கடல் தொட்டி விற்கிற அத்தனை பேருக்கும் பணியிட மாற்றம்தான். பாதி விலையில் ஆரம்பித்தால் கால்வாசியில் படியும். பார்க்க வருகிறவரைப் பகலில் கூப்பிடாதீர்கள், வெயிலில் பாசி தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஹால் லைட்டை அணைத்து, நீல விளக்கை மட்டும் போட்டுக் காட்டுங்கள். ஸ்கிம்மர் கிண்ணத்தை முன்கூட்டியே கழுவி வையுங்கள். கூட வந்திருக்கும் அவர் மனைவி கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்பார். "ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதாங்க வரும்" என்று சொல்லுங்கள்.