கயிறு வியாபாரியின் விண்ணப்பம்

அனுப்புநர்: கயிற்றுக்கடைக்காரன், கள்ளப்பிரான் கோயில் வாசல், ஸ்ரீவைகுண்டம்.

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை, சென்னை.

பொருள்: ஜூன் மாதச் சரக்குக் கொள்முதல் – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் சுற்றறிக்கை, நாள் 31.07.2019. 2. அது தம் கவனத்துக்கு வராமல் போனது என்று அமைச்சர் சொன்னது, ஆகஸ்ட் 2019. 3. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அறிக்கை, 610 பக்கம், ஜூன் 2024.

ஐயா,

பார்வை ஒன்றைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுகிறார்கள், மோதிரமும் திலகமும்கூட அதற்கே உதவுகின்றன, நடவடிக்கை எடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். தினமும் வருகைப்பதிவு எடுக்கிற ஆசிரியர்களின் கண்ணில் அதுவரை படவில்லை போலும். வாங்கி வைத்திருக்கும் சரக்கெல்லாம் வீணாகிவிடுமே என்று கலங்கிப்போனேன். நல்லவேளை, பா.ஜ.க.வின் எச். ராஜா அவர்கள் இந்தச் சுற்றறிக்கை இந்து விரோதம் என்றார். அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் பழைய நடைமுறையே தொடரும் என்றார். பழைய நடைமுறை என்றால் என் கடைதான். இருவருக்கும் தலா ஒரு பந்து இலவசமாக அனுப்பலாமா என்று யோசித்தேன். எந்த நிறம் அனுப்புவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

கயிறு மதம் சம்பந்தப்பட்டது என்கிறார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கிறவன் என்கிற முறையில் ஒரு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். பக்தியோடு வருகிறவர்கள், "அண்ணாச்சி, இது சாமிகிட்ட வச்சதா?" என்று கேட்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள். ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்பார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் சாமி பேரையே கேட்பதில்லை. நிறத்தைத்தான் கேட்பார்கள், அதுவும் இரண்டு நிறம் முறுக்கினது. பேரம் கிடையாது. ஒருவன் வந்து பத்துப் பேருக்கு வாங்குவான். குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காப்புக் கட்டுகிறவன் விரதம் முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறான். இந்தப் பையன்களோ, கயிறு இற்று விழுந்தால் மறுநாளே அதே நிறத்தில் வேறு கட்டுகிறார்கள். எந்த நிறம் யாருக்கு என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. தங்கள் எட்டாம் வகுப்பு மாணவன் எவனைக் கேட்டாலும் சொல்வான்.

எங்கள் பெருமாளுக்குக் கள்ளப்பிரான் என்று பெயர் வந்த கதை தங்களுக்குத் தெரிந்திருக்கும். காலதூஷகன் என்ற திருடன் கொள்ளையில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்துவந்தான். அரசன் பிடிக்கப் போனபோது, பெருமாளே திருடன் வேஷத்தில் வந்து நின்றார். இப்போது வேஷம் மாறிவிட்டது. சாதி, பெருமாள் வேஷம் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. கையைப் பிடித்தால் "ஐயோ, சாமியைத் தொடுகிறான்" என்று சத்தம் போடுகிறது. நீங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகிவிடுகிறீர்கள்.

பிறகு 2023 ஆகஸ்ட் 9 வந்தது. நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்புப் பையனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த சந்துரு ஐயா குழுவும் அதன் 610 பக்கமும் அதற்குப் பின்னால் வந்தவை. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாம் கூடாது என்றார்கள். நெற்றிக்குறியை அந்த வரியில் சேர்த்திருக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான எண்ணம். அம்மா பூசிவிட்ட திருநீற்றில் சாதி இருக்காது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சண்டை தேடுகிறவர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாகிவிட்டது. சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு உறுப்பினர் அறிக்கை நகலைக் கிழித்தார். பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுப்பது, ஆசிரியர்களை அவ்வப்போது இடம் மாற்றுவது ஆகியவை இருக்கும் மற்றப் பக்கங்களை யாரும் கிழிக்கவில்லை. படித்தால்தானே கோபம் வரும்?

சாமி பேரைச் சொன்னால் எல்லோரும் விலகிவிடுகிற பள்ளிக்குள் வேறென்ன நுழையும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் ஒருவர் முற்பிறவிப் பாவம்தான் உடல் ஊனத்துக்குக் காரணம் என்ற தோரணையில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். எழுந்து எதிர்த்தவர் கண் தெரியாத ஆசிரியர். அரசுப் பணத்தில் மட்டும் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. அதைப் பார்க்க அன்று அவரால் மட்டும்தான் முடிந்தது.

எங்கள் ஊருக்கே வருகிறேன். 2025 மார்ச் 10. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமத்துப் பட்டியல் சாதிப் பையன், பதினொன்றாம் வகுப்பு, பரீட்சை எழுத பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தான். பஸ்ஸை மறித்து இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. கபடியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்றார்கள் வீட்டார். பிடிபட்ட மூவரும் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரியில் விரல்களை ஒட்டவைத்தார்கள். ஒட்டவைக்கப் பயன்பட்ட நூலுக்கு நிறம் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆகவே ஐயா, ஜூனில் பள்ளி திறக்குமுன் ஒரு வரி எழுதிப் போடுங்கள். கயிறு விற்கலாமா, கூடாதா? கூடாது என்றால் கடையை மூடிவிட்டு வாசலிலேயே பூ விற்கிறேன். ஒரே வேண்டுகோள்: இந்த முறை எழுதினால், அடுத்த மாதம் அது தங்கள் கவனத்துக்கு வராமல் போயிற்று என்று சொல்லாதீர்கள்.