கூடம் கோணல்தான், மெஸ்மர் ஐயா!

மெஸ்மெரிசம் என்ற சொல் நம் துப்பறியும் கதைகள் வரை வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பெயர் கொடுத்தவர் பாரிஸில் மாட்டிக்கொண்ட கதை மட்டும் அவ்வளவு தூரம் வரவில்லை.

ஃபிரான்ஸ் அன்டன் மெஸ்மர் வியன்னாவில் முறையாகப் பட்டம் வாங்கிய டாக்டர். 1766-இல் அவர் எழுதிய ஆய்வேடே கிரகங்கள் மனித உடம்பை ஆட்டிவைப்பதைப் பற்றியதுதான். நம் ஊராக இருந்தால் ஜோசியர் என்று போர்டு மாட்டியிருப்பார். 1778-இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். பிரபஞ்சம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் ஓடுகிறது, உடம்பில் அது அடைபட்டால் நோய், பக்குவமாகக் கையை வீசினால் அடைப்பு நீங்கும். மொத்த வைத்தியமும் இவ்வளவுதான்.

கூட்டம் தாங்கவில்லை. ஆளுக்கு ஆள் கை வீசினால் கட்டுப்படியாகுமா? மரத்தொட்டி ஒன்று செய்தார். உள்ளே தண்ணீர் பாட்டில்களும் இரும்புத் தூளும், மூடி வழியாக வளைந்த கம்பிகள். சீமாட்டிகள் சுற்றி உட்கார்ந்து, வலிக்கிற இடத்தில் கம்பியை வைத்துக்கொள்வார்கள். மங்கிய வெளிச்சத்தில் ஊதா அங்கியோடு மெஸ்மர் வருவார். சற்று நேரத்தில் ஒரு அம்மாள் இருமுவார், அடுத்தவர் காரணமில்லாமல் சிரிப்பார், மூன்றாமவர் கைகால் வெட்டி இழுக்க விழுவார். நாம் உடுக்கை அடித்து வரவழைப்பதை அவர் கண்ணாடி ஹார்மோனிகா வாசித்து வரவழைத்தார். அந்த வாத்தியத்தை உருவாக்கியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின்.

1784-இல் பதினாறாம் லூயி மன்னர் விசாரணைக் கமிஷன் போட்டார். அதில் முதல் பெயரே ஃபிராங்க்ளின்! கூடவே ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்த லவாய்சியர், வானியலாளர் பெய்லி, டாக்டர் கில்லட்டின் என்று பெரிய தலைகள். மெஸ்மர் வர மறுத்துவிட்டார். சீடர் டெஸ்லான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

ஃபிராங்க்ளினுக்கு 78 வயது. சிறுநீர்ப்பையில் கல். வண்டி ஏறினால் உயிர் போகும். அதனால் பரிசோதனையே பாஸி என்ற இடத்தில் இருந்த அவர் வீட்டுத் தோட்டத்துக்கு வந்தது. டெஸ்லான் ஒரே ஒரு ஆப்ரிகாட் மரத்துக்கு மட்டும் சக்தி ஏற்றினார். சக்தியை நன்றாக உணரக்கூடியவன் என்று அவரே பொறுக்கியெடுத்த 12 வயதுப் பையனைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்தார்கள்.

முதல் மரத்தை இரண்டு நிமிஷம் கட்டிப்பிடித்தான். வியர்த்தது, இருமினான். இரண்டாவதில் தலைசுற்றல். மூன்றாவதில் அது இன்னும் கூடியது, நெருங்கிவிட்டேன் என்றான். நான்காவதில் நினைவு தப்பி, கைகால் விறைத்து விழுந்தான். தூக்கிப் புல்லில் கிடத்தினார்கள். சக்தி ஏற்றிய மரமோ 24 அடி தள்ளி, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நின்றுகொண்டிருந்தது.

டெஸ்லான் அசரவில்லை. எல்லா மரத்துக்கும் இயற்கையாகவே கொஞ்சம் சக்தி உண்டு என்றார். அப்படியானால் இந்த மாதிரிப் பிள்ளைகள் தோட்டத்துப் பக்கமே தலைவைக்க முடியாதே என்று கமிஷன் கேட்டது.

லவாய்சியர் வீட்டில் இன்னொரு கூத்து. ஒரு பெண்மணிக்கு வரிசையாகக் கோப்பைகளை நீட்டினார்கள். எல்லாம் சாதாரணக் கோப்பைகள். நான்காவதிலேயே அவருக்கு 'வந்துவிட்டது'. தெளிந்ததும் தாகம் என்றார். உண்மையிலேயே சக்தி ஏற்றிய கோப்பையில் தண்ணீர் கொடுத்தார்கள். நிம்மதியாகக் குடித்து முடித்தார்!

ஆகஸ்டில் அறிக்கை வந்தது. கற்பனை இருந்தால் திரவம் இல்லாமலும் உடம்பு ஆடும், கற்பனை இல்லாவிட்டால் திரவம் ஒன்றும் செய்யாது என்று சாரம். மெஸ்மர் சும்மா இருப்பாரா? டெஸ்லானைச் சோதித்தது தன்னைச் சோதித்ததாகாது, அவருக்கு வித்தை முழுக்கத் தெரியாது என்று கொடி பிடித்தார். இந்த வித்தையில் யாருமே ஃபெயிலாவதில்லை. ஃபெயிலானவர் வித்தைக்காரரே இல்லை என்று ஆகிவிடும், அவ்வளவுதான்.

கமிஷன் டாக்டரின் பெயர் பிற்பாடு ஒரு இயந்திரத்துக்கு வந்தது. மன்னரும் பெய்லியும் லவாய்சியரும் அதில்தான் போனார்கள். அந்த வைத்தியத்துக்கு மட்டும் கண்ணைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஒரே பலன்.

சரி, தேர்ந்த கைகளையே சோதித்தால்? அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அதைச் செய்தாள். தொடாமலே உடம்பின் சக்தியைக் கையால் உணர்வதாகச் சொன்ன 21 பேர். அனுபவம் ஒரு வருஷம் முதல் 27 வருஷம் வரை. அட்டை மறைப்பின் ஓட்டைகளில் இரு கைகளையும் நீட்ட வேண்டும், எமிலி தன் கையை எந்தக் கைக்கு மேல் வைத்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். 280 முயற்சியில் சரியானவை 123. காசைச் சுண்டியிருந்தால் 140 தேறும்! 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்தபோது எமிலிக்கு வயது 11.

தோற்றவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று: முந்தைய முறை கை இருந்த இடத்தில் அதன் சக்தி இன்னும் தங்கியிருந்து குழப்பிவிட்டதாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று நம் பாட்டிகள் சொன்னது பழைய கணக்கு. இப்போது, முன்னால் ஆடியவளின் கால்தடம் வேறு தட்டுகிறதாம்.