காடும் கோயிலும் ஒரே சீட்டில்

கனம் பொருந்திய ஒருநாள் உல்லாசப் பிரயாண நிர்வாகத்தார் சமூகத்துக்கு, கடலூரில் நெடுங்காலமாக வசித்து வருபவனும், சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தங்கள் வாகனத்தில் ஏறும் பாக்கியம் பெற்றவனுமாகிய அடியேன் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

ஆதனூரில் வாழ்ந்த நந்தனார், தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே நாட்களைக் கழித்ததனால் திருநாளைப்போவார் என்ற திருநாமத்தைப் பெற்றார் என்பதும், ஒருவாறு போய்ச் சேர்ந்த பிறகும் ஊருக்குள் புகமாட்டாமல் எல்லையையே வலம் வந்துகொண்டிருந்தார் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. தங்கள் நிர்வாகம் அக்காலத்திலேயே ஸ்தாபிதமாகியிருக்குமாயின், அந்தப் பெரியவர் காலையில் ஏறி, இடைவழியில் அலையாத்திக் காட்டையும் கண்டு, மத்தியான போஜனமும் முடித்து, இரவுக்குள் வீடு திரும்பியிருப்பார். அவர் சரித்திரத்தைக் கீர்த்தனையாக்கிய கோபாலகிருஷ்ண பாரதியார் பாடுவதற்கு விஷயமில்லாமல் வேறு தொழில் தேடிப் போயிருப்பார். இத்தகைய அனர்த்தம் நிகழாதபடி தாங்கள் காலந்தாழ்த்தித் தோன்றியமைக்குத் தமிழிசையின் சார்பில் முதற்கண் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்து, தாங்கள் அச்சிட்டு வழங்கிய வழவழப்பான துண்டுப் பிரசுரத்தைப் பற்றி. பிச்சாவரம் உலகத்திலேயே இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு என்று அதில் தடித்த எழுத்தில் கண்டிருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேரில், ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு திட்டுகளாகப் பரந்து கிடக்கும் இந்தக் காட்டின் பரப்பு, சதுர கிலோமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 11. இந்தியாவிலும் வங்காள தேசத்திலுமாக விரிந்து கிடக்கும் சுந்தரவனமோ ஏறக்குறைய 10,000. முதலுக்கும் இரண்டாவதற்கும் இடையில் இவ்வளவு பெரிய மைதானத்தை விட்டு, அதில் இந்தோனேசியா, பிரேசில், ஆஸ்திரேலியா முதலிய தேசங்களின் காடுகளையெல்லாம் சத்தமில்லாமல் படுக்க வைத்துவிட்ட தங்கள் சாமர்த்தியம் பூகோள சாஸ்திரத்துக்கே புதிது. ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தப் பிரசுரம் முத்துப்பேட்டைக்காரர் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே பெரிய அலையாத்திக் காடு தம்முடையது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிரயாணம் கடலூரிலேயே சரித்திரத்துடன் ஆரம்பமாயிற்று. ஒலிபெருக்கியைக் கையிலேந்திய தங்கள் வழிகாட்டி, ‘இடது பக்கம் கோட்டை இருந்துச்சு’ என்று அருளிச்செய்தார். நாங்கள் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பதற்குள் வாகனம் கெடில ஆற்றைத் தாண்டிவிட்டது. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை 1690-ஆம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையோடு அதைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள பூமியும் சேர்த்தி என்று ஒப்பந்தமாகியிருந்ததும், அதன்படி நாற்புறமும் குண்டுகளைச் சுட்டு, அவை விழுந்த இடம் வரைக்கும் கம்பெனியார் சுவாதீனப்படுத்திக்கொண்டதும், அந்த ஞாபகம் இன்றைக்கும் குண்டு உப்பலவாடி என்ற கிராமத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதும், பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த 1746 முதல் சில ஆண்டுகள் கம்பெனியின் தென்னாட்டு இராஜ்யபாரம் முழுவதும் இந்தக் கோட்டையிலிருந்தே நடந்ததும் வாகனத்திலிருந்த பிள்ளைகள் கேட்டிருந்தால் வாயைப் பிளந்திருப்பார்கள். ஆனால் பூமியை அளப்பதற்குத் தங்களிடம் வேறொரு கருவி இருக்கிறது. கம்பெனியார் பீரங்கியின் வீச்சை வைத்து அளந்தார்கள். தாங்கள் விசிலின் ஓசையை வைத்து அளக்கிறீர்கள். விசில் கேட்கும் தூரம் வரையில்தான் பிரயாணிக்குப் பார்வைப் பாத்தியதை. அதற்கப்பால் ஓர் அடி வைத்தாலும் அத்துமீறல்.

பிச்சாவரத்தில் அந்த விசிலின் மகிமையைப் பூரணமாக அனுபவித்தோம். சீட்டுக்கு வரிசை, மிதவை அங்கிக்கு வரிசை, படகுக்கு வரிசை என்று மூன்று வரிசைகளில் காலை இளவெயில் முற்றி உச்சிவெயிலாகும் வரையில் நின்று, படகில் ஏறியவுடன், வழிகாட்டியார் ‘இதயக்கனி’ படப்பிடிப்பு நடந்த வாய்க்கால் எது, எம்.ஜி.ஆர். வந்த படகு எந்தத் திக்கில் திரும்பியது என்பவற்றைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிர்ணயம் செய்தார். அந்தப் படம் 1975-இல் வெளிவந்தது. அதைப் பார்த்தவன்தான் நானும். அதில் எனக்கு மனஸ்தாபம் ஏதுமில்லை. சேற்றிலிருந்து ஆயிரக்கணக்காக மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நின்ற மூச்சுவேர்களைச் சுட்டிக்காட்டி ஒரு சிறுமி, ‘அது என்ன மாமா?’ என்று கேட்டபோது, ‘அதெல்லாம் குச்சிம்மா’ என்று அவர் விடையிறுத்ததில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். காற்றுப் புகாத உப்புச் சேற்றில் நிற்கும் வெண்கண்டல் மரம் சுவாசிப்பதற்காக மேலே அனுப்பும் வேர்கள் அவை என்றும், பக்கத்திலே பந்தற்கால்களைப் போலப் பல கால்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை என்றும், அதன் வித்து தாய்மரத்திலேயே முளைவிட்டு நீண்ட கன்றாகத் தொங்கிப் பின்புதான் சேற்றில் குத்தி நிற்கும் என்றும் சொல்ல எத்தனை நிமிஷம் பிடிக்கும்?

துடுப்புப் போட்ட படகுக்காரருக்கு இவையெல்லாம் தெரிந்திருந்தன. ஆனால் ஒலிபெருக்கி அவரிடம் இல்லை. வாய்க்கால் ஒன்றில் திரும்பும்போது அவர் துடுப்பை நிறுத்தி, ‘அதோ நிக்குது பாருங்க, அதாங்க தில்ல மரம். பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்’ என்றார். அந்த க்ஷணத்தில் கரையில் விசில் ஊதிற்று.

நிர்வாகத்தாரே, இந்த இடத்தில் பகடியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச அனுமதிக்க வேண்டும். தாங்கள் ஒரே சீட்டில் விற்ற இரண்டு சரக்குகளையும் இணைக்கும் கயிறு அந்த மரம்தான். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது அந்த மரங்கள் அடர்ந்த வனமாக அது இருந்ததனால். வியாக்கிரபாதர் புலிக்கால் வேண்டிப் பெற்றுத் தவங்கிடந்ததாகப் புராணம் சொல்லும் வனமும் அதுவே. இன்றைக்குச் சிதம்பரத்து வீதிகளில் தேடினால் தில்லை மரம் அகப்படாது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளி இந்தச் சதுப்பு நிலத்தில் நிற்கிறது. ஸ்தல விருட்சம் ஓரிடத்திலும் ஸ்தலம் மற்றோரிடத்திலுமாகப் பிரிந்து போனதை ஒரே நாளில் இரண்டையும் காட்டிச் சேர்த்து வைக்கக்கூடிய வசதி பூலோகத்தில் தங்களுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. தாங்களோ, கண்ணைக் கெடுக்கும் மரமாயிற்றே என்ற கருணையினால் அதை எங்கள் கண்ணிலேயே படாமல் கடத்திவிட்டீர்கள்.

இந்தக் காட்டுக்கு இன்னும் இரண்டு கதைகள் உண்டு. ஒரு காலத்தில் விறகுக்காக இதைப் பகுதி பகுதியாக முறைவைத்து அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டுச் சேறு உலர்ந்து அமிழ்ந்து, ஓதநீர் வந்தால் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, உப்புக் கரித்து, மரம் முளைக்க மாட்டாத கட்டாந்தரையாகிவிட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையாரும் சுற்றுக் கிராமத்து ஜனங்களும் கூடி, 1990-களில், மீன்முள்ளைப் போல நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க வழிசெய்து கன்றுகளை நட்டதன் பிற்பாடு காடு திரும்பி வந்தது. தாங்கள் ‘கன்னி கழியாத இயற்கை’ என்று பிரசுரத்தில் வர்ணித்திருக்கும் பாகங்களில் பல, மனிதர் கையால் மண்வெட்டி பிடித்து மீட்டவை. இரண்டாவது கதை 2004 டிசம்பர் 26-ஆம் தேதியினுடையது. ஆழிப்பேரலை வந்தபோது காட்டுக்குப் பின்னாலிருந்த கிராமங்கள் பெருமளவு தப்பின. காட்டின் மறைவில்லாமல் கடலைப் பார்த்து நின்ற குடியிருப்புகள் பல உயிர்களைக் கொடுத்தன. அப்படிச் சிதைந்தவற்றுள் ஒன்றின் பெயர் எம்.ஜி.ஆர். திட்டு. எம்.ஜி.ஆர். படகு திரும்பிய திசையை அத்தனை நுட்பமாக அறிந்திருந்த வழிகாட்டியார் இந்தப் பெயரையும் ஒருமுறை உச்சரித்திருக்கலாம். 1971-ஆம் வருஷத்து ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2022-இல் இந்தச் சதுப்பு நிலம் சர்வதேச முக்கியத்துவம் பெற்றதாக அறிவிக்கப்பட்டதற்கு இவையெல்லாம் சம்பந்தமுடையவை. ஆனால் அந்த ராம்சார் அவரிடம் ‘ராமர் சாலை’யாக மாறி எங்கள் காதில் விழுந்தது.

மத்தியான போஜனத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் பெயர்பெற்ற ஊரின் வாசலில் எங்களுக்குக் காலிஃபிளவர் மஞ்சூரியன் பரிமாறப்பட்டது.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது உச்சிக்காலப் பூஜை முடிந்து நடை சாத்தியிருந்தது. மத்தியானத்தில் சாத்தி மாலையில் திறப்பது அந்தக் கோயிலில் நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. ஊரில் பால் கறக்கிறவர் முதல் பூக்கட்டுகிறவர் வரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்ததில் தங்கள் ஏற்பாட்டின் தத்துவார்த்தம் புலப்பட்டது. சிற்சபையிலே நடராஜப் பெருமானுக்குப் பக்கத்தில் திரையை விலக்கித் தீபாராதனை காட்டினால் அங்கே பொன் வில்வமாலையன்றி வேறு ரூபமில்லை. ஆகாசமே அங்கு மூர்த்தி. மற்றவர்களெல்லாம் திரைக்குப் பின்னாலிருக்கும் ரகசியத்தைக் காட்ட, தாங்கள் ஒரு படி மேலே போய், திரையையும் சபையையும் பெருமானையும் கூட ரகசியத்தில் சேர்த்து, சாத்திய கதவு ஒன்றை மட்டும் எங்களுக்குப் பிரத்தியட்சமாக்கினீர்கள். நந்தனாரை வாசலில் நிறுத்தியது எது என்பது நாடறிந்த அவமானம். அதனோடு எங்கள் அற்ப அசௌகரியத்தை ஒப்பிட நாக்கூசுகிறது. ஆயினும் காசு கொடுத்து வாசலில் நிற்கும் பேறு அவருக்குக் கிடைக்கவில்லை என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

அப்போதும் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. கோபுர வாயிலின் உட்புறத்து நிலைகளிலே பரத சாஸ்திரத்தில் சொல்லிய 108 கரணங்களும் கல்லில் ஆடிக்கொண்டிருக்கின்றன. கிரந்த எழுத்தில் சுலோகமும் பொறித்திருக்கிறார்கள். நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் போன்றவர்கள் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆராய்ந்த சிற்பங்கள் அவை. 1516-ஐ ஒட்டிக் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்த வடக்குக் கோபுரத்தை வெளியில் நின்றே அண்ணாந்து பார்க்கலாம். ஊரின் வடகோடியில் தில்லைக் காளி கோயில் உண்டு. இவற்றுக்கெல்லாம் அவகாசமில்லை என்று எங்களை வாகனத்தில் ஏற்றி, ஒரு முந்திரிக்கடை வாசலில் இறக்கிவிட்டு, நேரம் தாராளமாக இருக்கிறது என்றீர்கள். சிற்சபையின் பொற்கூரையில் வேய்ந்த ஓடுகள் 21,600 என்றும், அவை மனிதன் ஒரு நாளில் விடும் சுவாசங்களின் தொகை என்றும் பெரியோர் சொல்வர்; அன்றைய தினத்துக்கு எங்களுக்கு அளக்கப்பட்ட சுவாசங்களில் கணிசமான பங்கை வறுத்த முந்திரி, வறுக்காத முந்திரி, மிளகு முந்திரி என்ற மூன்று பேதங்களுக்கிடையில் விட்டோம். மாலை நடை திறக்கும் வேளைக்கு வாகனம் புவனகிரிப் பக்கமாகத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது.

ஆகையால் சமூகத்தைக் கேட்டுக்கொள்வது இவ்வளவே. விடிகாலையில் கோயிலுக்கும் வெயில் தாழ்ந்த பிறகு காட்டுக்குமாக, அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்தாலே நடையும் திறந்திருக்கும், படகிலும் தலை வேகாது. இதற்கு ஒரு பைசா அதிகச் செலவில்லை. ஒலிபெருக்கியைப் படகுக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். அவருக்கு வேண்டாமென்றால் யாருக்கும் வேண்டாம். ‘இரண்டாவது பெரிய’ என்பதற்குப் பதில் ‘தில்லை மரம் நிற்கிற’ என்று அச்சிட்டால் எழுத்துச் செலவும் அதே அளவுதான். முந்திரிக்கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று தாங்கள் கவலைப்படுவது புரிகிறது. கடை இரவு வரையில் திறந்திருக்கிறது, நடை சாத்துகிற வழக்கம் அங்கே கிடையாது.

கடைசியாக, சீட்டின் பின்புறத்தில் ‘தரிசன ஏற்பாட்டுக் கட்டணம்’ என்று தனியாக வசூலித்திருக்கும் தொகையைத் திருப்பியனுப்பும்படி பிரார்த்திக்கிறேன். அதையும் ஆகாச ரூபமாகவே அனுப்பிவிட வேண்டாம். ரொக்கமாகவோ காசோலையாகவோ இருப்பது உத்தமம்.

இங்ஙனம்,
கடைசி வரிசையில், ஜன்னல் திறவாத ஆசனத்தில் வந்தவன்