வேருக்குள் ஓர் உர ஆலை

? மணலி உர ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். காற்றிலிருந்து உரம் எடுக்க அவ்வளவு பெரிய ஆலை வேண்டுமா?
*– வாசகர், வியாசர்பாடி*

உளுந்துச் செடியைக் கேளுங்கள். ஆலையில் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்க 400 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல 100 மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதே வேலையை மண்ணின் சூட்டிலேயே முடிக்கிறது. கூலி, செடி தரும் சர்க்கரைச் சத்து.

? அப்போ உளுந்துக்கு யூரியாவும் கொட்டினால் இரட்டை லாபம்தானே?

கடையில் இட்லி கிடைத்தால் யார் மாவு அரைப்பார்கள்? யூரியாவால் மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் செடி முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும். ரைசோபியத்துக்கு வேலை போகும், உங்களுக்குக் காசு போகும். விதைக்கும்போது சிறிதளவு போதும்.

? முடிச்சு வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபினுடையது. நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினுக்கு உறவு!

? மழை வந்தால் எங்கள் சுரங்கப்பாதை மூழ்குகிறது. வயல் மூழ்கினால் அந்த பாக்டீரியா எப்படி மூச்சு விடும்?

ஆக்சிஜன் குறைந்தால் நைட்ரேட்டைச் சுவாசிக்கும்! சோயா வேரில் வாழும் பிராடிரைசோபியத்துக்கு இந்த வித்தை தெரியும். ஆனால் அப்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் பிடிக்கும் வேலையைக் கெடுத்துவிடும். பாக்டீரியா பிழைக்கும், பயிர் பட்டினி கிடக்கும். வடிகால் வேண்டும், வயலுக்கும் சரி, ஊருக்கும் சரி.